விண்ணுலா

மனிதன் நிலத்தில் வாழப் பிறந்தவன். ஆயினும் அவன் கண் வானத்தின்மேல் சென்றுகொண்டே இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், வானத்து இயல்புகளைத் தாமே அங்குப் போய்ப் பார்த்துத் திரும்பியவர்போல எடுத்துரைக்கும் அறிஞர் தம் காலத்தில் இருந்தனர் என்பதைப் புறநானூற்றில் குறிப்பிடுகின்றார். போகாமலே போய்வந்தவர்போல அறிவது எங்ஙனம்? கணக்கு ஒரு வழி; கற்பனை மற்றொரு வழி. இவ்விரண்டும் கூடிப் பெற்ற பிள்ளை என்றே இக்காலத்து விண்ணுலாக் கணினி விளையாட்டைச் சொல்லலாம்.

இந்தியராகிய இராகேசு சர்மா 1984ஆம் ஆண்டிலும், சுபான்சு சுக்லா 2025ஆம் ஆண்டிலும் விண்வெளி சென்று மீண்டனர். அத்தகைய பேறு கோடியில் ஒருவர்க்கே வாய்க்கும். ஏனையோர்க்கு, வீட்டு மேசையின்மேல் இருக்கும் கணினித் திரையே வான்கலத்தின் சாளரம் ஆகிறது. ஆயினும் அச்சாளரங்கள் பல வகையின. எச்சாளரத்தின் முன் அமர்வது என்பது எளிய வினாப்போலத் தோன்றும். ஆராய்ந்து பார்ப்பின், ஒருவர் எதனை அறிய விரும்புகிறார், எவ்வாறு அறிய விரும்புகிறார் என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

இவ்விளையாட்டின் வரலாறு கணினியின் இளமைக் காலத்திலேயே தொடங்குகிறது. 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்டீவ் ரசல் என்பாரும் அவர்தம் தோழரும் பி.டி.பி.-1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை அமைத்தனர். நடுவே ஒரு விண்மீன், அதன் ஈர்ப்பில் சுழன்றுகொண்டே ஒன்றோடொன்று பொரும் இரு கலங்கள், இவ்வளவே அவ்விளையாட்டு. ஆயின், திரையின் பின்புலத்தில் மனம் போனவாறு புள்ளிகளை இறைப்பது தோழர் ஒருவர்க்குப் பொருந்தவில்லை. அவர் இரவு வானத்தின் உண்மையான விண்மீன்களை, அவை அமைந்த இடங்களிலேயே பதித்தார். விளையாட்டே ஆயினும் அதன் வானம் பொய்யாதல் கூடாது என்று ஒருவர் கருதியது எண்ணி மகிழத்தக்கது.

இராகேசு சர்மா விண்ணேகிய அதே 1984ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் 'எலைட்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதில் 8 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. மண்டலத்திற்கு 256 விண்மீன்கள் வீதம் மொத்தம் 2048. அவர்கள் பயன்படுத்திய கணினியின் நினைவகமோ, இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றைக்கூடக் கொள்ளாத அளவினது. அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை உலகங்களும் எவ்வாறு அடங்கின? நம் பெண்கள் முற்றத்தில் கோலம் இடுவதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். சில புள்ளிகளும் ஒரு விதியும் நினைவில் இருப்பின் முற்றம் முழுதும் நிறையக் கோலம் இடலாம். கோலம் முழுவதையும் மனத்தில் சுமக்க வேண்டுவதில்லை. அவ்வாறே அம்மாணவர்களும் உலகங்களைச் சேமித்து வையாமல், வேண்டும்போது உலகங்களைப் படைத்துக்கொள்ளும் விதியை மட்டும் சேமித்து வைத்தனர்.

அன்று தொடங்கிய நெறி இன்று நான்கு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது, உலாவல். இதற்குச் சான்று, இங்கிலாந்தின் 'ஹலோ கேம்ஸ்' நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை'. இதில் உள்ள கோள்களின் தொகை, 2 என்னும் எண்ணை 64 முறை வைத்துப் பெருக்கினால் வரும் தொகையாகும். அதாவது 1,84,467 கோடி கோடி. நொடிக்கு ஒரு கோள் வீதம் கண்டாலும் கண்டு முடிக்க 58 ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். வெளிவந்த காலத்தில், சொல்லிய சிறப்புகள் பல இல்லை என்று வாங்கினோர் குறைகூறினர். நிறுவனத்தாரோ அடுத்தடுத்த ஆண்டுகளில் விலை பெறாமலே புதுமைகளைச் சேர்த்து அக்குறையைப் பெரிதும் போக்கினர். 2014ஆம் ஆண்டில் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' நம் பால்வீதி மண்டலத்தையே 40 ஆயிரம் கோடி விண்மீன் தொகுதிகளோடு அமைத்துக் காட்டுகிறது.

இரண்டாவது, ஆளுதல். 2016ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டார் வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்' இவ்வகையினது. இதில் விளையாடுவோர் கலத்தைச் செலுத்துவதில்லை, பேரரசைச் செலுத்துகின்றனர். புதிய இடம் தேடுதல், அங்குப் பரவுதல், ஆங்குள்ள வளத்தைப் பயன்கொள்ளுதல், பகையை அழித்தல் என்னும் நான்கும் இதன் தொழில்கள். வானத்தில் நிகழ்வதாயினும், மண்ணின்மேல் வேந்தர் நிகழ்த்திய வரலாற்றையே இது பெரிதும் நினைவூட்டும்.

மூன்றாவது, கட்டிச் செலுத்துதல். மெக்சிகோ நகரின் 'ஸ்குவாட்' நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவிட்டு, 2015ஆம் ஆண்டில் முழுமையாக்கிய 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' இதன் தலைமகன். பொறி, எரிபொருட் கலம், இறக்கை முதலியவற்றை விளையாடுவோரே பொருத்தி ஏவூர்தி செய்தல் வேண்டும். செய்தது பிழையாயின் அது வெடிக்கும். செய்வன திருந்தச் செய்தால் பறக்கும். விலைகொடுத்து வாங்க இயலாதார்க்கு, மார்ட்டின் சுவைகர் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆர்பிட்டர்' இலவசமாகவே கிடைக்கிறது. ஆயின் அது பயில்வோரின் பொறுமையைச் சோதிக்கும்.

நான்காவது, துப்புத் தேடுதல். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இவ்வகையினது. ஒரு சிறிய கதிரவன் குடும்பம். அதன் கதிரவன் 22 நிமிடங்களில் வெடித்தழியும். உடனே காலம் தொடக்கத்திற்குத் திரும்பும். அங்கு முன்னர் வாழ்ந்த மக்கள் யாவர், அவர்கட்கு என்ன நேர்ந்தது என்பதைக் கல்வெட்டுப் படிப்பார்போலப் படித்தறிய வேண்டும். பொன்னோ படைக்கலமோ இதில் ஈட்டுவதற்கில்லை. ஒரு முறையில் அறிந்ததை மறுமுறைக்குக் கொண்டுசெல்லலாம், அவ்வறிவே ஈட்டம்.

இந்நான்கினுள் எதனைத் தேர்வது? இவ்வினா ஓர் இல்லத்தில் எழுந்த வகையை இங்குக் காண்போம்.

பழனிக்கு அருகில், பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் பாலசமுத்திரம். தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த அவ்வூரில், கறவை மாடு இரண்டினை வைத்துக் குடும்பம் நடத்தும் அன்னை ஒருத்திக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். கல்லூரி திறந்தவுடன் கோயம்புத்தூர் சென்று விடுதியில் தங்க வேண்டியவன். மகள் எட்டாம் வகுப்பு முடித்தவள். உறவினர் வழியாக வந்த பழைய மேசைக் கணினி ஒன்று அவ்வீட்டில் இருந்தது. தேர்வை நன்கு எழுதிய மகனுக்கு, பாற்பணத்தில் சேமித்ததைக்கொண்டு விளையாட்டு ஒன்று வாங்கித்தர அன்னை இசைந்தாள். "ஒன்றுதான், கண்ணு, இருவர்க்கும் சேர்த்து ஒன்று. மாலையில் ஒன்றரை மணிநேரம், அதற்குமேல் இல்லை" என்பது அவள் விதித்த வரையறை.

தமையன் உலாவலை விரும்பினான். "எண்ணிலடங்காத கோள்கள், பாப்பா! நாம் இறங்கும் கோளில் நமக்குமுன் எவரும் இறங்கியிருக்கமாட்டார்" என்றான். தங்கை துப்புத் தேடலை விரும்பினாள். "அத்தனை கோள்களையும் பார்த்து என்ன செய்வது, அண்ணா? ஒரே ஓர் ஊரின் கதையை முழுதும் அறிந்தால் போதாதா?" என்றாள். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. பரந்து காண்பது ஓர் அறிவு. ஆழ்ந்து காண்பது மற்றோர் அறிவு.

ஆழ்ந்து காணும் அறிவுக்குச் சான்று தேட அவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவர்கள் ஊருக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் அம்மலைத் தொடரின்மேல், கொடைக்கானலில், 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கதிரவன் ஆய்வுக்கூடம் உள்ளது. கோடிக்கணக்கான விண்மீன்களுள் ஒன்றையே, நம் கதிரவனையே, அங்குள்ளோர் நூறாண்டுகளுக்கு மேலாக நோக்கிப் படம் எடுத்து வந்தனர். 1909ஆம் ஆண்டில் ஜான் எவர்செட் என்னும் அறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிப்பொருள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டறிந்தார். அவர் பெயராலேயே அந்நிகழ்வு இன்றும் வழங்கப்பெறுகிறது. ஒன்றனை விடாது நோக்கியோர்க்கு அது தன் மறைபொருளைக் காட்டியது. எனினும், கலம் ஏறிப் புதுத்திசை காணப் புறப்பட்டவர் இல்லையெனின் உலகம் நமக்கு இவ்வளவு அகன்று தெரிந்திராது என்பதையும் மறத்தல் ஆகாது.

வழக்கு இவ்வாறு முடிவின்றி நிற்க, முதல் தீர்ப்பைப் பழைய கணினியே வழங்கியது. எண்ணிறந்த கோள்களை வரைந்து காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. வாங்குமுன் தன் கருவியின் வலிமையை அறிதல் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். எஞ்சி நின்றவை துப்புத் தேடலும் கட்டிச் செலுத்துதலுமே. அப்போது தங்கை, தான் விரும்பியதைத் தானே விட்டுக்கொடுத்தாள். "துப்பு ஒருமுறை தெரிந்துவிட்டால் முடிந்துவிடும். அதனை ஒருவர் விளையாட மற்றவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நீ இருக்கப்போவது இன்னும் இரண்டு மாதம். ஏவூர்தியை நான் கட்டுகிறேன், நீ ஓட்டு" என்றாள். தமையன் சிறிது நேரம் பேசவில்லை; பிறகு தலையசைத்தான்.

அவ்விளையாட்டின் இரண்டாம் பாகம் வேறு கடையில் இருந்தது. படங்கள் அழகாகவும் இருந்தன. ஆயின் அது 2023ஆம் ஆண்டில் முற்றுப்பெறாத நிலையில் வெளிவந்து, அந்நிலையிலேயே நின்றுபோனது என்பதை விசாரித்து அறிந்து, முதற்பாகத்தையே வாங்கினர். புதியது என்பதாலேயே சிறந்ததாகிவிடாது என்பது கடைத்தெருவில் மட்டுமன்றி இங்கும் பொருந்தும்.

முதல் வாரத்தில் ஏவிய ஊர்திகள் யாவும் விழுந்தன. விண்வெளி செல்வதென்றால் மேல்நோக்கிச் செல்வது என்றே இருவரும் எண்ணியிருந்தனர். மேலே மேலே சென்ற கலம், எறிந்த கல்போல நேரே கீழே வந்தது. சுற்றுப்பாதையில் நிற்க வேண்டுமாயின் உயரம் மட்டும் போதாது. கலம் பக்கவாட்டில் மிக விரைந்து செல்ல வேண்டும். அது விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் கோளின் வளைவு அதனடியில் விலகிக்கொண்டே இருக்கும் என்பதைப் பல இழப்புகளுக்குப்பின் கண்டனர். நம் நிலவுலகைத் தாழ்ந்த பாதையில் சுற்ற நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். விளையாட்டில் உள்ள கோளின் ஆரம் 600 கிலோமீட்டரே. நம் நிலவுலகின் ஆரமோ 6371. ஆதலின் அங்கு வேகம் குறைவாகவே போதும். விதி மட்டும் ஒன்றே.

நிலவில் இறங்கச் சென்ற முதற் கலத்தில் தங்கை காற்றுக்குடை பொருத்தியிருந்தாள். நிலவில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் குடை என் செய்யும்? கலம் நொறுங்கியது. அன்னை திரையை எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தனை உடைப்பீர்கள்?" என்று கேட்டாள். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சந்திரயான்-2இன் இறங்குகலம் நிலவில் மோதி அழிந்ததையும், அப்பிழைகளை ஆராய்ந்து திருத்திய அறிஞர்கள் 2023ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் சந்திரயான்-3ஐ மெல்ல இறக்கியதையும் தமையன் எடுத்துக்கூறினான். அப்பணியின் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்பதையும், இறங்குகலச் சோதனைக்கு நிலவின் மண்ணை ஒத்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிலிருந்து எடுக்கப்பெற்றது என்பதையும் கேட்ட அன்னை, "நம் பக்கத்து மண்ணா?" என்று வியந்து, அன்று கால்மணி நேரம் கூடுதலாக ஆட விட்டாள்.

சந்திரயான்-3 ஏன் 40 நாள் பயணம் செய்தது என்பதும் அவர்கட்கு விளையாட்டிலே விளங்கிற்று. பெரிய ஏவூர்தி இருப்பின் நேரே செல்லலாம். சிறிய ஊர்தியாயின், நீள்வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி, நிலவுலகை மிக அணுகி மிக விரைந்து செல்லும் இடத்திலே பொறியைச் சிறிது சிறிதாக இயக்கிப் பாதையை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்விடத்தில் எரிபொருளின் பயன் மிகுதி. வறியவர் காலத்தைச் செலவிட்டுப் பொருளை மிச்சப்படுத்துவது போன்றது இது.

விடுமுறையின் இறுதியில் நிலவில் ஒரு கலத்தை இறக்கிவிட்டனர். மீண்டும் எழுந்து நிலவைச் சுற்றத் தொடங்கிய அளவில் எரிபொருள் தீர்ந்தது. அதனுள் இருந்த சிறு வீரன் வீடு திரும்ப வழியின்றி நிலவையே வலம்வந்துகொண்டிருந்தான். அவ்விளையாட்டில் பசியும் தாகமும் இல்லை. ஆகவே அவன் காத்திருப்பான். தமையனோ காத்திருக்க இயலாது. மறுநாள் அவன் கோயம்புத்தூருக்குப் புறப்பட்டான்.

தங்கை தனியே மீட்புக்கலம் கட்டினாள். முதற்கலம் அரும்பாடுபட்டுச் சென்றடைந்தபின்னரே, அதில் ஒருவர் அமரத்தான் இடம் உண்டு, அங்கும் அதனை ஓட்டி வந்தவரே அமர்ந்திருக்கிறார் என்பதைக் கண்டாள். இரண்டாவதில் இருவர்க்கு இடம் வைத்தாள். முன்னே செல்லும் வீரனைப் பிடிக்கப் பொறியை முடுக்கினாள். முடுக்க முடுக்கத் தன் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறிப் பின்தங்கியது. இரண்டு மாலைகள் வீணாயின. மூன்றாம் மாலை நோட்டுப்புத்தகத்தில் இரு வட்டங்கள் வரைந்து பார்த்தாள். உள்வட்டத்தில் செல்வது விரைவில் சுற்றி வரும். ஆகவே முன்னே செல்பவனைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும் என்பதை எவரும் சொல்லாமல் தானே கண்டுகொண்டாள். குறைத்தாள், தாழ்ந்தாள், நெருங்கினாள்.

அன்றிரவு கைப்பேசியில் தமையனை அழைத்து, "அண்ணா, நம் ஆள் வீடு வந்து சேர்ந்துவிட்டான்" என்றாள். விடுதியில் முதல் வாரத்துத் தனிமையில் இருந்த தமையன், எவ்வாறு என்று கேட்டான். அவள் வட்டங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேறோர் இல்லத்தில் இத்தேர்வு வேறாக இருக்கலாம். அதிற் பிழை இல்லை. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு, பகையும் கணக்கும் இன்றிப் புதிய கோளின் மாலைவானைப் பார்த்து உலாவுதலே தகும். நண்பரோடு சூழ்ந்து எண்ணி ஆட விரும்புவோர்க்கு ஆளும் விளையாட்டு ஏற்றது. கதையின் முடிச்சை அவிழ்ப்பதில் இன்பம் காண்போர்க்குத் துப்புத் தேடல் உண்டு. தம் கையால் செய்து, கெடுத்து, மீளச் செய்வதில் மகிழ்வோர்க்குக் கட்டிச் செலுத்துதல் உண்டு. கருவியின் வலிமை, கையிலுள்ள காலம், உடனிருந்து ஆடுவோர், தம் மனத்தின் இயல்பு ஆகிய நான்கினையும் எண்ணித் தேர்பவர் ஏமாறார்.

எவ்வகையைத் தேர்ந்தாலும் ஓர் அளவுகோல் யாவர்க்கும் பொதுவாகும். ஆடி முடித்துக் கணினியை அணைத்தபின், முற்றத்திற்கு வந்து உண்மையான வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கத் தூண்டுகிற விளையாட்டே நல்ல விளையாட்டு. வானம் அங்கே விலையின்றி விரிந்து கிடக்கிறது.